தகிட விடாமல் ஒரு லிக்: மவுத் ஆர்கனோடு ஏழு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு, மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மவுத் ஆர்கனில் 12 பார் ப்ளூஸ் (நான்கு அடி கொண்ட பார் பன்னிரண்டு சேர்ந்தது ஒரு சுற்று) மூன்று சுற்று வாசித்தேன். நிமிடத்துக்கு 84 அடி வேகம். 1 நிமிடம் 43 விநாடி. நடுவில் ஒரு அடிகூடத் தாளம் விட்டுப்போகவில்லை, அதற்குள் எட்டு லிக் (குட்டி மெட்டுத் துணுக்கு) வந்து போயின. பதிவை நான்கு தடவை கேட்டுவிட்டேன். இது சரியாக வருவதற்கு நவம்பரிலிருந்து ஜூன் வரை ஆனது, அதில் பாதி நாள் தப்பான திசையில் போனது. வழி மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேண்டியது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட வாசிக்க கிடார்காரர் யாரும் கிடையாது. பின்னணி டிராக் போட்டு அதன் மேல் லிக் வாசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டிராக்கை நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரே கருவி, ஒரே வாய், தாளமும் அதிலிருந்தே வர வேண்டும், நடுவில் பேச்சும் அதிலிருந்தே வர வேண்டும். அமெரிக்க மவுத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1927-இலேயே தனி ஆளாக ஒரு முழு ரயிலை மவுத் ஆர்கனில் ஓட்டிப் பதிவு செய்திருக்கிறார். அதே ஊர்க்காரரான ப்ளூஸ் கலைஞர் சோனி டெர்ரி வாசிப்பதைக் கேட்டால் தாளம், லிக், நடுவில் அவர் போடும் கூவல், மூன்றும் ஒரே மூச்சில் வருவது போல இருக்கும். அந்தக் கூவலும் மூச்சுக் கணக்கில் ஒரு வரவு செலவு என்பது எனக்கு ஐந்தாவது மாதத்தில்தான் உறைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆரம்பித்தது அப்பாவின் பழைய 24 துளை ட்ரெமோலோவில். நம் வீடுகளில் மவுத் ஆர்கன் என்றால் பெரும்பாலும் அதுதான். மூன்று வாரம் அதில் ஸ்வரத்தை வளைக்கப் பார்த்துத் தோற்றேன். காரணம் எளிது. பத்துத் துளை டயடானிக்கில் ஒரே துளைக்குள் ஊதும் ரீடும் (ரீட் என்பது அதிர்ந்து ஒலிக்கும் உலோகப் பட்டை) இழுக்கும் ரீடும் சேர்ந்து இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து அசைவதால்தான் ஸ்வரம் ஆழமாகக் கீழே வளைகிறது. ட்ரெமோலோவில் ஊதுவதற்கும் இழுப்பதற்கும் தனித்தனி அறை. அதனால் ப்ளூஸுக்கு வேண்டிய அந்த அழுத்தமான வளைவு அதில் வராது. அடுத்து 550 ரூபாய்க்கு ஒரு பத்துத் துளை வாங்கினேன். மூடிக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று கசிந்தது, கார்ட் (பல ஸ்வரம் ஒரே நேரத்தில்) வாசித்தால் பத்து விநாடியில் மூச்சு வாங்கியது. டிசம்பரில்தான் ஹோனர் ஸ்பெஷல் 20, சி கீ, 3,900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உள்ளே இருக்கும் சீப்பு, அதாவது துளைகள் வெட்டிய நடுச்சட்டம், பிளாஸ்டிக். நம் ஊர் ஈரக் காற்றுக்கும் என் எச்சிலுக்கும் மரச் சீப்பு ஊதிப் பெருத்துவிடும் என்று பயந்து பிளாஸ்டிக்கே எடுத்தேன், அந்த முடிவில் இதுவரை வருத்தமில்லை.

சி கீ ஹார்ப்பை (மவுத் ஆர்கனை) ஜி-யில் வாசிப்பதுதான் ப்ளூஸுக்கு வழக்கமான முறை, இரண்டாம் பொசிஷன் என்பார்கள். 2-ஆம் துளையை இழுத்தால் வருவது ஜி. அதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: 2 இழு ச, 3 இழுவை அரை ஸ்வரம் வளைத்தால் சாதாரண காந்தாரம், 4 ஊது சுத்த மத்யமம், 4 இழுவை வளைத்தால் பிரதி மத்யமம், 4 இழு ப, 5 இழு கைசிகி நிஷாதம், 6 ஊது மேல் ச. ப்ளூஸ் ஸ்கேல் முழுவதும் இவ்வளவுதான். தாளத்துக்கு வேண்டிய கார்டும் பக்கத்திலேயே இருக்கிறது. 1, 2, 3, 4 சேர்த்து இழுத்தால் ஜி மேஜர், அதையே ஊதினால் சி மேஜர்.

முதல் கட்டம் தாளம் மட்டும். ரயில் சத்தம் போல 1-2-3 துளைகளை வாய் நிறையப் பிடித்து, நாக்கு நுனியால் 'த', அடிநாக்கால் 'க' என்று கார்டை வெட்டுவது. டிசம்பர் முழுக்க இதை ரொம்ப அழுத்தமாக இழுத்துக் கெடுத்தேன். அழுத்தி இழுத்தால் 2-ஆம் துளை தானாகவே கீழே வளைந்து, கார்ட் முழுக்கக் கரகரப்பாகிவிடும். வாயைத் தளர்த்தி, கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து வைத்து, சூடான காபியை ஓசையில்லாமல் உறிஞ்சும் அளவுக்கு மட்டும் இழுத்தபோது கார்ட் சுத்தமாக வந்தது, சத்தமும் குறையவில்லை.

அடுத்த சிக்கல் மூச்சு. இந்தப் பொசிஷனில் முக்கால்வாசி வேலை இழுப்பதுதான். எட்டாவது பாருக்குள் நெஞ்சு முட்ட நிறைந்துவிடும், அதற்கு மேல் இழுக்க இடமே இருக்காது. மூச்சு போதவில்லை என்று நினைத்து நான் காலையில் பிராணாயாமம்கூட ஆரம்பித்தேன். உண்மையில் மூச்சு போதாமல் இல்லை, வெளியே போக வழி இல்லாமல் இருந்தது.

இங்கேதான் எங்கள் இரண்டாம் மாடியில் இருக்கும் மிருதங்க வாத்தியார் உதவினார். மாடிப்படியில் நின்று இரண்டு நிமிடம் கேட்டவர், "தம்பி, நீங்க வாசிக்கிறது திஸ்ர நடை. ஆனா கையில சதுஸ்ரம் போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றார். ஷஃபிள் என்று புத்தகங்களில் படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஒரு அடிக்கு மூன்று துண்டு: தகிட, தகிட, தகிட, தகிட. 'த' வில் இழு, 'கி' யில் அதையே நீட்டு, 'ட' வில் குட்டியாக ஊது. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் காற்று வெளியேறிவிடுகிறது. ஆனால் இழுப்பது இரண்டு துண்டு, ஊதுவது ஒன்றுதான் என்பதால் கணக்கு இன்னும் நேராகவில்லை. நான்காவது அடியின் 'ட' வில் மட்டும் மூக்கு வழியாகவும் சேர்த்து விட ஆரம்பித்ததும் சரியானது. 60 அடி வேகத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு நான்கு அடி கூட்டி, ஜனவரி கடைசியில் 76-க்கு வந்தேன்.

கருவி இல்லாமலும் இதைப் பழகலாம். தினமும் பறக்கும் ரயிலில் மந்தைவெளியில் ஏறித் திருவான்மியூரில் இறங்குகிறேன். அந்தப் பயணம் முழுக்க வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே தகிட கணக்கில் மூச்சு இழுத்து விடுவேன், தொடையில் விரலால் தாளம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. என் அனுபவத்தில் மாடியில் வாசித்த நேரத்தைவிட இது அதிகப் பலன் தந்தது.

பிப்ரவரி, மார்ச் இரண்டும் வளைவுகளுக்குப் போயின. 4 இழு பத்து நாளில் வளைந்தது. 2 இழுவுக்கு மூன்று வாரம். 3 இழுதான் பெரிய வேலை, ஏனென்றால் அதில் அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம், ஒன்றரை ஸ்வரம் என்று மூன்று படி இருக்கிறது, முதல் படியில் நிற்கத் தெரியாமல் நேராக அடித்தளத்துக்கு வழுக்கிவிடும். போனில் ஸ்வரத்தை அளந்து காட்டும் ட்யூனர் போட்டுப் பழகினேன்.

அந்த ட்யூனரால் ஒரு பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். வளைக்காமல் வாசித்தாலே 3 இழு சில செண்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) கீழே காட்டியது. ரீட் கெட்டுவிட்டது, நுனியைக் கொஞ்சம் சுரண்டினால் ஸ்வரம் ஏறும் என்று குண்டூசி வரை எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் கார்டாக வாசித்துப் பார்த்தேன், அதிர்வே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது. விஷயம் இதுதான்: ஸ்பெஷல் 20-ஐ ட்யூன் செய்யும்போதே கார்ட் இனிமையாக வரவேண்டும் என்று அந்தக் காந்தாரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கிறார்கள். தம்புராவின் மந்தர தந்தியில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரமும் இப்படித்தான், பியானோவின் காந்தாரத்தைவிடத் தாழ்ந்து நிற்கும். தாளத்துக்காகக் கார்ட் வாசிக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஹார்ப் வாங்க வேண்டும், சம அளவில் ட்யூன் செய்த மாடல்களில் தனி ஸ்வரம் துல்லியமாக இருக்கும், கார்டில் ஒரு உராய்வு கேட்கும். அன்றைக்குச் சுரண்டியிருந்தால் ஹார்ப்பின் நல்ல பாகத்தையே கெடுத்திருப்பேன்.

ஏப்ரலில் இரண்டையும் சேர்க்க உட்கார்ந்தேன். தாளம் தனியாக நன்றாக இருக்கிறது, லிக் தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் முழுக்க வரவில்லை. தாளம் இரண்டு பார், நிறுத்தம், லிக், நிறுத்தம், மறுபடி தாளம். ஒவ்வொரு நிறுத்தமும் அரை அடிதான், ஆனால் கேட்பவருக்கு அங்கே பாட்டு செத்துவிடும். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். லிக்கை இன்னும் நூறு தடவை வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. மிருதங்க வாத்தியார்தான் மறுபடியும்: "லிக்கை முடிச்சுட்டு தாளத்தைத் தேடுறீங்க. தாளம் அங்கேயேதான் இருக்கு தம்பி, நீங்கதான் இறங்கிப் போயிட்டீங்க. வாயால என்ன வேணா பண்ணுங்க, கால் நிக்கக் கூடாது."

காலால் தாளம் போட்டு மறுபடி பதிவு செய்து கேட்டபோது தப்பு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தது. லிக்கின் முதல் ஸ்வரம்தான் ஒவ்வொரு முறையும் தாமதம். ஏன் என்று தெரிய, கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஒரு பாருக்குப் பன்னிரண்டு கட்டம் என்று வைத்து ஒவ்வொன்றிலும் 'இ' அல்லது 'ஊ' என்று நிரப்பினேன். நிரப்பியதும் கண்ணில் பட்டுவிட்டது. என் லிக் 4 வளைவு, 4, 3, 2. நான்கும் இழு. அதற்கு முன்னால் இரண்டு பார் தாளம், அதிலும் இழுதான் அதிகம். நிறைந்த நெஞ்சோடு லிக்கின் வாசலில் வந்து நிற்கிறேன், உள்ளே காற்றுக்கு இடமில்லை, ஒரு தடவை வெளியே விட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன், அந்த விடும் நேரம்தான் அரை அடி. சோனி டெர்ரியின் கூவலும் இதே இடத்தைத்தான் நிரப்புகிறது என்று அப்போதுதான் தோன்றியது. அவர் காற்றை வெளியே விட வேண்டிய இடத்தில் அதையே சங்கீதமாக்கி விடுகிறார்.

எனக்குக் கூவ வரவில்லை, அக்கம்பக்கமும் இருக்கிறது. ஆகவே லிக்கைத் திருத்தினேன். நான்கு ஸ்வரத்தை மூன்றாக்கினேன்: 4 வளைவு, 3, 2. லிக் பாரின் மூன்றாவது அடியில் ஆரம்பிக்கிறது, அதற்கு முந்தின 'ட' வை மட்டும் இரண்டு மடங்கு அழுத்தி ஊதுகிறேன். அந்த அழுத்தமான ஊது ஒரு தூக்கல் மாதிரி கேட்கிறது, லிக் வரப்போகிறது என்று காது எதிர்பார்க்கவும் செய்கிறது. கடைசி ஸ்வரமான 2 இழு, அடுத்த பாரின் முதல் 'த' வாகவே விழ வேண்டும், அதுதான் லிக்கும் தாளமும் ஒட்டும் இடம்.

மூச்சு சரியானதும் வாயின் பிரச்சினை மிஞ்சியது. 1-2-3 கார்டிலிருந்து தனி 4-க்கு உதட்டைக் குவித்துத் தாவினால் ஐந்தில் ஒரு தடவை பக்கத்துத் துளை ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கால் அடைக்கும் முறைக்கு மாறியதும் தாவலே தேவைப்படவில்லை. உதடு 1 முதல் 4 வரை பிடித்திருக்கட்டும். நாக்கை வைத்து 1, 2, 3-ஐ மூடினால் வாயின் வலது ஓரத்தில் 4 மட்டும் ஒலிக்கும். நாக்கை எடுத்தால் நான்கும் சேர்ந்து கார்ட். தலையும் நகரவில்லை, கையும் நகரவில்லை. நாக்கைச் சட்டென்று அறைவது போல வைத்தால் அதற்கு முன் ஒரு கணம் கார்ட் தெறித்துவிட்டுத் தனி ஸ்வரம் நிற்கும், லிக்குக்குள்ளேயே தாளம் கேட்கும். விலை என்னவென்றால், குவித்த உதட்டில் வந்துகொண்டிருந்த 4 வளைவு நாக்கு அடைத்த வாயில் சுத்தமாக வரவில்லை, அதை முதலிலிருந்து பழக ஐந்து வாரம் ஆனது. அடுத்த முறை யாருக்காவது சொல்லிக் கொடுத்தால் வளைவையே நாக்கு அடைத்துத்தான் ஆரம்பிக்கச் சொல்வேன். பிப்ரவரியின் பாதி மிச்சமாகியிருக்கும்.

மே மாதம் ஹார்ப்பைத் திறக்க வேண்டி வந்தது. மெதுவாக வாசித்தால் 2 இழு பதில் சொல்லத் தாமதித்தது, காற்று மட்டும் போய்ப் பிறகுதான் ஸ்வரம் வந்தது. புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று 180 ரூபாய்க்கும், சின்ன பிளஸ் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று 120 ரூபாய்க்கும் வாங்கினேன். இழுக்கும் ரீடுகள் கீழ்த் தகட்டின் வெளிப்புறத்தில் இருப்பதால் கீழ் மூடியைக் கழற்றினாலே போதும். 2-ஆம் ரீடின் நுனி தகட்டிலிருந்து 0.35 மில்லிமீட்டர் தூக்கி நின்றது. பல்குச்சியால் ரீடை அதன் பிளவுக்குள் மெல்ல அழுத்தி விட்டு, அளந்து, மறுபடி அழுத்தி, 0.25-க்குக் கொண்டுவந்தேன். தொட்டவுடன் பேசியது. அந்தச் சந்தோஷத்தில் 3-ஐயும் 4-ஐயும் 0.10 வரை இறக்கினேன். அது தப்பு. மெதுவாக இழுத்தால் அற்புதம், ஆனால் தகிட அழுத்தத்தில் இழுத்ததும் 3 அடைத்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றது. மெல்லிய பிளேடை அடியில் விட்டு ரீடைத் தூக்கி இரண்டையும் 0.20-க்குத் திருப்பினேன். தாளம் வாசிக்கிற ஹார்ப்புக்கு இடைவெளி கொஞ்சம் தாராளமாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு ரீடுக்கும் முன், பின் அளவைக் குறித்து வைத்ததால்தான் திரும்பி வர முடிந்தது.

இப்போது 12 பார் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். முதல் நான்கு பார் ஜி, அதாவது ச. 2-ஆம் பாரின் பின்பாதியில் ஒரு லிக். 4-ஆம் பாரின் கடைசியில் 5 இழுவைத் தொட்டு 4-க்கு இறங்குகிறேன், அந்த நிஷாதம் வந்தாலே காது சி-யை எதிர்பார்க்கும். 5, 6 சி, அதாவது ம. இங்கே எல்லாம் தலைகீழ், 'த' வில் ஊது, 'ட' வில் இழு. நெஞ்சு காலியாகும் இடம் இதுதான், ஆகவே இந்த இரண்டு பாரை அவசரப்படாமல் நிதானமாக ஊதித் தீர்க்கிறேன். 3 இழுவை அரை ஸ்வரம் வளைத்து ஒரே ஒரு தடவை தொட்டால் அது சி-க்கு ஏழாவதாக நின்று கசப்பும் இனிப்புமாக ஒலிக்கும். எனக்கு மொத்தச் சுற்றிலும் பிடித்த இடம் அதுதான். 7, 8 மறுபடி ஜி, இரண்டாவது லிக். 9-ஆம் பாரில் டி, அதாவது ப. டி மேஜர் கார்ட் இந்த ஹார்ப்பில் கிடையாது, 4-5-6 இழுத்தால் வருவது டி மைனர். அது சோகமாக விழுந்தது, ஆகவே நாக்கால் 2, 3-ஐ மட்டும் மூடி, 1-ஐயும் 4-ஐயும் இரண்டு ஓரத்திலும் ஒலிக்க விட்டு, மேல் கீழ் பஞ்சமமாக வாசிக்கிறேன். 10 சி, 11 ஜி, அங்கே மூன்றாவது லிக், 12-இல் 1 இழுவில் இறங்கி நின்று திரும்புதல். சுற்றுக்கு மூன்று லிக் என்பது கணக்கு, கடைசிச் சுற்றில் 11-ஆம் பாரை வெறும் தாளமாக விட்டேன், அதனால் எட்டு. முதலில் சுற்றுக்கு ஆறு வைத்திருந்தேன். பாதியை எடுத்ததும்தான் மிச்சம் இருந்தவை காதில் விழ ஆரம்பித்தன.

நோட்டு 45 ரூபாய் சேர்த்து மொத்தச் செலவு 4,795. அதில் அந்த 550 ரூபாய் வீண்.

மாற்றிச் செய்வதென்றால் முதல் ஹார்ப்பை ஏ கீயில் வாங்குவேன். சி-யைவிடக் கீழே இருப்பதால் கார்ட் அடர்த்தியாக, வயிற்றிலிருந்து வருவது போல இருக்கும், நண்பர் ஒருவருடையதை வாங்கி வாசித்துப் பார்த்ததில் தகிட அதில்தான் உண்மையான ரயிலாகக் கேட்டது. வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, பெட்டியை மூடாமல் பத்து நிமிடம் காற்றாட வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்வேன்.

84-இல் வருவது 96-இல் இன்னும் வரவில்லை. உடைவது ஒரே இடத்தில்தான், 9-ஆம் பாரிலிருந்து 10-க்குப் போகும்போது. இரண்டு ஓர இழுவிலிருந்து முழு ஊதுக்கு நாக்கு போதிய வேகத்தில் எழவில்லை. இந்த வாரம் முழுக்க அந்த இரண்டு பாரை மட்டும் 70-இல் வைத்திருக்கிறேன்.